கிடங்கு விதியும் கொஞ்சம் ஹிஸ்டமினும்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். மற்றதை மட்டும் கேட்டால் நீங்களும் அவருடைய மேனேஜர் மேடம் மாதிரியே நினைத்துவிடுவீர்கள். விருந்தில் யாராவது கிளாஸை நீட்டினால் பாம்பைக் கண்டது போல் இரண்டடி பின்னால் போவார். இருமல் மருந்தைக்கூட லேபிளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார். அந்த மனுஷனைத்தான் போன வருஷம், மத்தியானம் குடித்துவிட்டு வேலை பார்க்கிறார் என்று காகிதத்தில் எழுதி, இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவர் லிஃப்ட் உதிரி பாகங்கள் வைத்திருக்கும் கிடங்கில் பொறுப்பாளர். கதவு உருளை, கம்பி வடம், மாடி எண் போட்ட பொத்தான், ரப்பர் வளையம் என்று பதினோராயிரம் சாமான்கள். எங்கோ ஒரு கட்டடத்தில் யாராவது ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தால், இங்கே இவர் நான்கே நிமிடத்தில் சரியான உருளையை எடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார். கிடங்கில் எல்லோரும் அவரைச் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வயது வித்தியாசம் உள்ளவர்களுக்கும் அவர் அண்ணன்தான், மேனேஜர் மேடத்தைத் தவிர.

அங்கே அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ரப்பர் வளையம் அலமாரியில் கிடந்தால் வருஷத்துக்கு வருஷம் கெட்டிப்படும். ஆகவே முதலில் வந்தது முதலில் வெளியே போக வேண்டும். புதுச் சரக்கு பின்வரிசைக்கு, பழையது முன்வரிசைக்கு. இதை மீறியவர்களை அவர் திட்டமாட்டார், ஆனால் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள்.

கிடங்கில் போட்ட சட்டத்தைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை இருந்திருக்காது.

நான் சலவைக் கடை ஒன்றில் துணி திருத்தித் தைக்கிறேன். வாரத்தில் ஆறு நாள், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அடுத்தவர் இடுப்புச் சுற்றளவோடுதான் என் பிழைப்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சமைத்துவிடுவேன். மீன், கறி, கீரை, தக்காளி போட்டது, போடாதது என்று ஃபிரிட்ஜில் டப்பாக்கள் அடுக்கி நிற்கும். இவர் ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டை ஒட்டுவார். நடுவில் ஒரு நாள் நான் புதிதாக ஏதாவது செய்தால் அது பின்னால் போகும். முன்னால் நிற்பது எவ்வளவு பழசோ அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு. எனக்கும் மகளுக்கும் பின்வரிசை.

"என்னங்க, இது ஃபிரிட்ஜா, உங்க கிடங்கா?" என்று கேட்டால், "சரக்கு சரக்குதானே" என்று சிரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அந்தத் தொல்லை ஆரம்பித்தது. சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் முகம் சிவக்கும். காது சிவக்கும். கழுத்து, நெஞ்சு என்று சாயம் போகிற துணி மாதிரி சிவப்பு இறங்கும். மூக்கு ஒழுகும், கண் கலங்கிச் சிவந்துவிடும், தலைவலியில் மண்டை பிளக்கும், நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஞாயிறும் திங்களும் ஆள் ஜம்மென்று இருப்பார். செவ்வாய் லேசாக ஆரம்பித்து வெள்ளிக்கிழமை உச்சத்துக்குப் போகும். நான் என் அறிவுக்கு எட்டியபடி ஒரு முடிவுக்கு வந்தேன்.

"உங்களுக்கு உங்க மேனேஜர ஒத்துக்கல. வாரம் போகப் போக ஏறுது பாருங்க" என்றேன். அவரும் அதைக் கொஞ்சம் நம்பினார்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், தலைவலி தாங்காமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். முகம் ரத்தச் சிவப்பு. கண்ணில் நீர். கால் லேசாகத் தள்ளாடியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் மேடம் வந்தார். அவரும் கெட்டவர் இல்லை. வண்டி ஓட்டுகிற ஆள் இந்தக் கோலத்தில் நின்றால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும். ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து நீட்டினார்.

இவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஊதியிருக்க வேண்டும். சைபர் என்று காட்டியிருக்கும், விஷயம் முடிந்திருக்கும். என் வீட்டுக்காரர் அங்கேதான் தன் சுயமரியாதையை எடுத்து வெளியே வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு என்னை ஊதச் சொல்றீங்களா மேடம்? ஊத மாட்டேன்."

ஊத மறுத்தால் குடித்ததற்குச் சமம் என்று கிடங்கின் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவரே இவர்தான். சாவிக்கொத்து மேனேஜரின் மேஜை இழுப்பறைக்குள் போனது. இவரைப் பின்கட்டில், பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் மேஜையில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் சாவி திரும்ப வராது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஊதித் தொலைச்சா என்ன?"

"ஊதினா, சந்தேகப்பட்டது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

அவர் இடுப்பில் சாவி தொங்கும் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கை தானாகப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை.

மறுவாரம் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வாமைக்கு ஊசி குத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், இதயத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மூச்சுத்திணறல், தொண்டை வீக்கம் ஏதாவது வந்ததா என்று மூன்று முறை கேட்டார். வரவில்லை. அப்படி வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எங்களை ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

டயட்டீஷியன் சின்னப் பெண். என்னை அக்கா என்றும் இவரை சார் என்றும் கூப்பிட்டாள். இரண்டு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். சாவி அண்ணனிடம் போய் எழுதச் சொல்லலாமா? கட்டம் போட்டு, சாமானின் பெயர், சமைத்த தேதி, சாப்பிட்ட தேதி, சாப்பிட்ட நேரம், சிவந்த நேரம், சிவப்பு பரவிய இடம் என்று பன்னிரண்டு பக்கம். அந்தப் பெண் அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு பென்சிலை எடுத்து இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கோடு போட ஆரம்பித்தாள்.

"சார், நீங்க என்ன சாப்பிட்டீங்கங்கறதவிட அது எத்தன நாள் பழசுங்கறதுதான் இங்க விஷயம். ஞாயித்துக்கிழமை இதே மீனச் சாப்பிட்டிருக்கீங்க, ஒண்ணும் ஆகல. புதன்கிழமை அதே மீன், நெஞ்சு வரைக்கும் சிவந்திருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப என் சமையல் கெட்டுப்போயிடுச்சுன்னு சொல்றியாம்மா?"

"ஐயோ, இல்லக்கா. கெட்டுப்போகல. நீங்க சாப்பிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." அவள் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சார், உங்க கிடங்குக்கு லாரி வருதுல்ல, அதுல சரக்கு இறக்க எத்தன பேரு?"

"ஆறு பேர்."

"ஒரே ஒருத்தர்தான் இருக்கார்னு வெச்சுக்குங்க. ஒரு லாரி வந்தா சமாளிப்பார். நாலு லாரி ஒண்ணா வந்தா?"

"வாசல்லயே குவிஞ்சு கெடக்கும். ரோடு வரைக்கும் நிக்கும்" என்றார் இவர், தனக்கே நேர்ந்தது போன்ற வேதனையோடு.

"அதுதான். ஹிஸ்டமின்னு ஒரு பொருள் நம்ம உடம்புலயும் இருக்கு, சாப்பாட்டுலயும் இருக்கு. மீனு, கறியெல்லாம் வெச்சிருக்க வெச்சிருக்க அதுல ஏறிக்கிட்டே போகும். திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ரொம்ப நாள் வெச்ச சீஸ், வினிகர்ல ஊறினது, டப்பா மீனு, தக்காளி, பசலக்கீர, இதெல்லாமும் சேர்ந்துக்கும். வயித்துல அத இறக்கி அனுப்புற ஆளு மத்தவங்களுக்கு ஆறு பேர்னா உங்களுக்கு ஒருத்தர்தான்னு தோணுது. அதான் குவிஞ்சு முகத்துல தெரியுது. இத ஒரே டெஸ்ட்ல கண்டுபிடிக்க முடியாது சார். கொஞ்ச நாள் விட்டுப் பாக்கணும், அப்புறம் ஒவ்வொண்ணா சேர்த்துப் பாக்கணும்."

இவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். நோய் வந்த கவலையெல்லாம் போய், சரக்கு தேங்கிய காரணம் தெரிந்த சந்தோஷம்!

அப்போதுதான் அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டாள். "அது சரி சார், வீட்டுல மூணு பேரு. எப்பவும் நீங்க மட்டும் ஏன் ரொம்பப் பழசையே எடுக்கறீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "அது கிடங்குப் புத்திம்மா. பழசு முதல்ல வெளிய போகணும்."

"அதெல்லாம் இல்ல" என்றார் இவர், அந்தக் காகிதத்தின் நுனியை மடித்துக்கொண்டே. "கல்யாணம் ஆன புதுசுல மிச்சம் மீதியெல்லாம் இவதான் சாப்பிடுவா. எனக்குப் புதுசா வெச்சுட்டு, அடுப்பாண்ட நின்னுக்கிட்டே பழசச் சாப்பிட்டு முடிச்சிடுவா. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டா. சட்டம்னு சொன்னா கேப்பா. அதான் சட்டம் போட்டேன்."

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். நான் அவரைக் கிண்டல் செய்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வெளியே வந்து பஸ்ஸில் ஏறி, நான்கு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் பேச்சு வந்தது. அதுவும், "சில்லறை இருக்கா?" என்று.

அதன் பிறகு வீட்டில் புது நிர்வாகம். ஞாயிறு சமைத்ததை ஆறியதும் உடனே சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்துவிடுவேன், காலையில் அவருக்கு ஒரு பங்கை எடுத்துச் சூடாக்கிக் கொடுப்பேன். உறைந்து கிடந்தால் அந்த ஹிஸ்டமின் ஏறாதாம். மீன் என்றால் வாங்கிய அன்றைக்கே. தக்காளி, கீரை, சீஸ் எல்லாம் நான்கு வாரத்துக்கு வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. இவரோ அதோடு நிற்காமல் போனில் தேடி ஏழு பட்டியல்களைக் கண்டுபிடித்தார். ஒன்று வாழைப்பழம் கூடாது என்றது, இன்னொன்று கூடும் என்றது. ஏழில் எதிலாவது கூடாது என்று இருந்ததையெல்லாம் விலக்கிக் கடைசியில் சோறும் வெள்ளரிக்காயும்தான் மிச்சம். இரண்டு கிலோ இளைத்துப் போய் டயட்டீஷியனிடம் நின்றார். அவள் ஏழு பட்டியலையும் வாங்கிக் கிழித்தே போட்டாள். "உங்க உடம்புதான் சார் பட்டியல். பட்டினி கெடக்கறதுக்கு நான் எதுக்கு?" என்று ஒரு விரட்டு விரட்டினாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று அவளை.

மூன்றாவது வாரம் சிவப்பு நின்றது. தலைவலி போனது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகும் அவர் முகம் அவர் முகமாகவே இருந்தது. நான் பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

அதுதான் வம்பாகப் போயிற்று. விசாரணைக்காக டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை மேனேஜர் மேடம் படித்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். "சந்தோஷம். ஆனா குடிக்கறத நிறுத்தினாலும் முகம் இப்படித்தான் தெளியும். நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்விதான், அதனாலேயே எனக்கு எரிச்சல். நோயாக இருந்தபோது ஊதவில்லை. இப்போது ஊதலாம் என்றால் நோய் இல்லை. முகம் சிவந்திருக்க வேண்டும், கருவி சைபர் காட்ட வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கிடங்கின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ்தான் வழி சொன்னார். எப்படியும் விட்ட உணவை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. டாக்டர் சம்மதித்தால் அதைத் தன் கண்முன்னே, தன் அறையில், மேனேஜரை வைத்துக்கொண்டே செய்யலாம் என்றார். தொண்டைத் தொல்லை எதுவும் இதுவரை வந்ததில்லை என்பதால் டாக்டர் சம்மதித்தார். புதன்கிழமை மத்தியானம், ஞாயிறு சமைத்த தக்காளி மீன். வீட்டிலிருந்து ஒருவர் சாப்பாட்டோடு வர வேண்டும் என்றார்கள்.

ஞாயிறு சமைத்தேன். உறையவைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தேன். இவர் தேதிச் சீட்டை ஆசையாக ஒட்டினார். புதன் காலை ஐந்தரை மணிக்கு அந்த டப்பாவைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், மேற்கொண்டு முடியவில்லை. தெரிந்தே, என் கையால், அந்த மனுஷனுக்கு அதை எப்படிக் கொடுப்பேன்? சட்டென்று சேலையை மாற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டேன். புது மீன் வாங்கி, நிறத்துக்குத் தக்காளிக்குப் பதில் கேரட்டும் பீட்ரூட்டும் அரைத்து ஊற்றி, பழைய டப்பாவின் சீட்டை உரித்துப் புது டப்பாவில் ஒட்டினேன். பழையதை என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். சிவக்காவிட்டால் சாவி வராதே என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டேதான் இருந்தது. பயத்திலேயே சிவந்துவிடுவார் என்று ஒரு நப்பாசையில் அதன் வாயை அடைத்தேன்.

பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்டார். தேதிச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மருந்து குடிப்பது போல் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். ருசி பார்த்திருந்தால் பீட்ரூட் தெரிந்திருக்கும். நர்ஸ் நாடியைப் பிடித்தார். மேனேஜர் மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சரக்கு இறக்குகிறவர்கள் ஆறு பேரும் நின்றார்கள்.

"அண்ணே, சிவக்குதா?"

"இன்னும் இல்லப்பா."

ஒன்றே கால் ஆனது. ஒன்றரை ஆனது. என் வீட்டுக்காரர் முகம் பளிங்கு மாதிரி இருந்தது. நாடி எழுபத்திரண்டு. கண்ணாடி கேட்டு வாங்கிக் காதுகளைப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணிக்கு மேனேஜர் மேடம் பேனாவை மூடினார்.

"அப்ப மீன் காரணமில்ல."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகச் சொன்னார். "மேடம், நான் பொய் சொல்லல. ஏன் வரலைன்னு எனக்கே தெரியல. ஒருவேள எல்லாம் என் மனசுதானோ என்னவோ."

அவர் தன்னையே சந்தேகப்பட்டதை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அவர் மேல தப்பில்ல மேடம். நான்தான் மாத்திட்டேன். சீட்டுதான் ஞாயித்துக்கிழமையோடது, மீன் இன்னைக்குக் காலைல வாங்கினது. தக்காளியும் இல்ல, பீட்ரூட். எனக்கு மனசு வரல."

ஜன்னலுக்கு வெளியே ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஐயையோ என்றார்கள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்புறம் யோசித்தார். "மேடம், கவனிச்சீங்களா? மூணு நாள் பழசுன்னு நம்பித்தான் சாப்பிட்டிருக்கார். அப்படியும் சிவக்கல. மனசுனால வர்றதா இருந்தா இன்னைக்கு வந்திருக்கணும்." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பழைய டப்பா இருக்கில்ல? நாளைக்குக் கொண்டாங்க, பாத்துடலாம்."

"இல்ல சிஸ்டர்."

"கொட்டிட்டீங்களா?"

"கொட்ட மனசு வருமா? காலைல நான் சாப்பிட்டுட்டேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். பதினேழு வருஷத்தில் நான் பார்க்காத நிறத்தில் இருந்தது அவர் முகம். காது, கழுத்து, நெற்றி எல்லாம் கொதித்தது.

"உன்ன யாரு சாப்பிடச் சொன்னது? அடுப்பாண்ட நின்னுக்கிட்டே முடிச்சியா? பதினேழு வருஷமா நான் எதுக்காக அந்த டப்பாவ எடுத்தேன்? தல வெடிச்சப்பகூட எடுத்தேனே, எதுக்கு? நீ சாப்பிடக் கூடாதுன்னுதானே!"

"சார், சார், ஊதுங்க, அப்படியே ஊதுங்க!" நர்ஸ் பாய்ந்து வந்து குழாயை அவர் வாயில் வைத்தார். ஊத மாட்டேன் என்று வேலையையே பணயம் வைத்த மனுஷன், என்ன ஊதுகிறோம் என்பதுகூடத் தெரியாமல், என் மேலிருந்த கோபம் முழுவதையும் அந்தக் குழாய்க்குள் ஊதினார்.

சைபர்.

மேனேஜர் மேடம் கருவியைப் பார்த்தார். செக்கச்செவேலென்று நின்ற முகத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய்ச் சாவிக்கொத்தோடு திரும்பி வந்தார்.

"சிவந்தா குடிச்சிருக்கார்னு முடிவு பண்ணினது என் தப்புதான். கோவத்துலயும் சிவக்கும், சாப்பாட்டுலயும் சிவக்கும். கடிதத்த ஏத்துக்கறேன்." சாவியை மேஜைமேல் வைத்தார். "எடுத்துக்குங்க."

வெளியே கைதட்டல். இவர் சாவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்க மேடம். இவ மொதல்ல சொல்லட்டும். இனிமே சாப்பிட மாட்டேன்னு."

"எல்லாரும் பாக்கறாங்க, சாவிய எடுங்க" என்றேன்.

"சொல்லு."

"சரி, சாப்பிட மாட்டேன்."

"சத்தியமா?"

நர்ஸ், மேனேஜர் மேடம், ஜன்னலில் ஆறு பேர், அத்தனை பேர் முன்னிலையிலும் சத்தியம் செய்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே சொன்னதில் பாதிதான் வெளியே வந்தது. அவருக்கு அது போதவில்லை, இரண்டாவது முறையும் சொல்லவைத்தார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தார்.